‘மறிச்சிட்டாக’ என்று சொன்ன பிள்ளை

போன மாதம் பாலக்காட்டுச் சித்தூரில் ஒரு பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். குழந்தைகள் இல்லங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் வார்டன்களுக்கு நான் ‘அனுபவப் பகிர்வு’ செய்ய வேண்டுமாம். எனக்கு ஒதுக்கிய நேரம் ஐந்து நிமிடம். இருபத்தாறு வருஷம் ஒரே ஹோமில் கிடந்தவளுக்கு ஐந்து நிமிடம். அதில் முதல் நிமிடம் பொன்னாடை போர்த்துவதிலும், போர்த்தியது போட்டோவில் விழவில்லை என்று மறுபடி போர்த்துவதிலும் போய்விட்டது.

எனக்கு முன்னால் பேசிய அதிகாரி திரையில் ஒரு செயலியைக் காட்டினார். குழந்தை வந்து சேர்ந்ததும் ஒரு படிவம் திறக்கிறது. தாய்: உண்டு, இல்லை, தெரியவில்லை. மூன்றில் ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் வரும். “இனி எந்தத் தவறும் நடக்க வழியே இல்லை” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். தொடுகிற விரலுக்கு முன்னால் கேட்கிற காது ஒன்று இருக்கிறதே ஐயா, அதற்கு என்ன செயலி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

சாப்பாட்டு வேளையில் ஒரு வார்டன் பெண் இலையைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “டீச்சரம்மா, ரொம்ப முக்கியமானது ஒன்னே ஒன்னு சொல்லுங்க” என்றாள். பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

நான் நல்லேப்பிள்ளிக்காரி. நெல் விளைவிக்கிற தமிழ்க் குடும்பம். எத்தனை தலைமுறையாகக் கேரளத்தில் இருக்கிறோம் என்று எங்களுக்கே கணக்குத் தெரியாது. வீட்டுக்குள் கோயமுத்தூர்த் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். பட்டப்படிப்பு முடித்து, திருச்சூரில் ஆறு மாதம் சமூக சேவைப் பயிற்சி என்று ஒன்று எடுத்தேன். எந்தப் பதிவேட்டுக்கு எந்த நிற அட்டை, தீயணைக்கும் வாளி எங்கே தொங்க வேண்டும், இரண்டையும் நன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளை அழுதால் என்ன செய்வது என்பது பாடத்தில் இல்லை.

ஹோம் இருந்தது முதலமடைப் பக்கம், ஒரு பழைய மாங்காய் குடோனில். நாற்பது பெண் பிள்ளைகள். நடத்தியவர் மாந்தோப்புக்காரர் ஒருவர். எங்களுக்கு அவர் ‘செக்ரட்டரி சார்’. மாதம் இரண்டு சனிக்கிழமை ஜீப்பில் வருவார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஆபீஸ் வாசலில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிதான் அவருடைய எல்லை. அதைத் தாண்டி உள்ளே வந்து ஒரு பிள்ளையின் முகத்தையும் பார்த்ததில்லை. கோப்புகளை ஒவ்வொன்றாக மடியில் வைத்து, ஓரங்களைத் தட்டிச் சீராக்கி, கட்டைவிரலால் ஒவ்வொரு தாளையும் அழுத்திப் பார்ப்பார். ஏதோ பழுத்திருக்கிறதா என்று சோதிப்பது போல. யார் எதைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான். “அது இருக்கட்டுங்க டீச்சர். பேப்பர்ல என்ன போட்டிருக்குது?” ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அதுதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் அவர் வயலிலிருந்து வர வேண்டிய அரிசி ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

வருகிற பெரிய மனிதர்களைப் பற்றியும் இரண்டு வரி எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பிறந்தநாள் கொண்டாட வருவார்கள். ‘ஹேப்பி பர்த்டே’யை மூன்று தடவை பாட வேண்டும், ஏனென்றால் முதல் இரண்டு தடவை வீடியோ சரியாக வரவில்லை. அதுவரை நாற்பது பிள்ளைகளும் கேக்கைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒருநாள் அப்படி ஒரு கூட்டம் போன பிறகு எங்கள் சின்னப் பிள்ளை ஒன்று என்னிடம் கேட்டது: “பாவம் டீச்சரம்மா, அவியளுக்கு ஊட்டுல கேக்கு வெட்ட ஆளே இல்லீங்களா?” அதைவிடச் சரியாக அவர்களை யாரும் எடை போட்டதில்லை.

சரி, கனியிடம் வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலு வருஷம் முன்பு நடந்தது. மாங்காய் சீசன். முதலமடையில் ஒரு பேக்கிங் ஷெட்டில், பெட்டியில் போடுவதற்காகக் குவித்திருந்த வைக்கோலில் ஒரு பெண் பிள்ளை படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. ஐந்து வயது இருக்கும். உடுமலைப்பேட்டைப் பக்கமிருந்து வேலைக்கு வந்த பெண்களோடு பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறது. ஒவ்வொருத்தியும் அது இன்னொருத்தியின் பிள்ளை என்று நினைத்திருக்கிறாள். போலீஸ் வந்தது. ஒரு கான்ஸ்டபிள் மலையாளத்தில் கேட்டார், பிள்ளை தமிழில் சொன்னது. பெயர் முத்துக்கனி. அப்பா இல்லை. அம்மா?

“பஸ்ஸுக்கு முன்னால அம்மாவ மறிச்சிட்டாக.”

அவர் மலையாளத்தில் எழுதினார்: பஸ்ஸின் முன்னால் அம்மா மரிச்சு.

மலையாளத்தில் ‘மரிச்சு’ என்றால் செத்துப்போனாள். பிள்ளை சொன்னதோ, அம்மாவை யாரோ வழிமறித்துவிட்டார்கள் என்று. ஒரு றகரம் ரகரமானதில், உயிரோடு இருந்த ஒரு பெண் பஸ் மோதிச் செத்துப்போனாள். எந்த பஸ், எந்த ரோடு, உடல் எங்கே, வழக்கு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. தாளில் வந்துவிட்டதே, போதாதா?

கான்ஸ்டபிளைத் திட்டிவிட்டு நான் நல்லவளாக ஒதுங்கிக்கொள்ளலாம். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும். மறுநாள் குழந்தைகள் நலக் கமிட்டியின் முன்னால் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, மொழிபெயர்க்க என்னைத்தான் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தலைவி மேடம் தாளைப் பார்த்துக் கேட்டார்: “அம்ம மரிச்சு போயதல்லே? குட்டியோட ஒன்னு சோதிக்கூ டீச்சரே.” அம்மா செத்துப்போனாள்தானே, பிள்ளையிடம் ஒரு தடவை கேளுங்கள் என்று. நான் குனிந்து, “அம்மாவுக்கு என்னாச்சு கண்ணு?” என்றேன். பிள்ளை என் முகத்தைப் பார்த்து, “மறிச்சிட்டாக” என்றது. நான் நிமிர்ந்து, “அதெ” என்றேன். மலையாளத்தில் ‘ஆமாம்’. ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன் வேலையை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பல நாள் யோசித்தேன். எங்கள் கிழக்குப் பாலக்காட்டுத் தமிழில் பாதி மலையாளம். யாராவது செத்தால் நாங்களே ‘மரிச்சுப் போச்சு’ என்போம். பேச்சில் எங்களுக்கு ரகரமும் றகரமும் ஒன்றுதான். அந்தப் பிள்ளையின் ‘மறிச்சிட்டாக’வை, ‘அம்மா இறந்துட்டாக’ என்று மரியாதையாகச் சொல்வதாகவே எடுத்துக்கொண்டேன். எங்களைத் தவிர வேறு எந்த ஊர்த் தமிழச்சிக்கும் இந்தத் தவறு நடந்திருக்காது. எங்கள் ஊரைத் தாண்டினால் எந்தத் தமிழ்ப் பிள்ளையும் அம்மா மரித்தாள் என்று சொல்லாது.

அதோடு நிறுத்தினேனா? “பேச்சைப் பார்த்தா மதுரைப் பக்கம் மாதிரி இருக்குது” என்று கமிட்டியில் பெரிய பண்டிதை போலச் சொன்னேன். ‘ஆக’ என்று முடித்தால் மதுரை, அவ்வளவுதான் என் புலமை. எங்கள் மாநிலத்திலேயே, இடுக்கித் தேயிலைத் தோட்டங்களில், மதுரை திருநெல்வேலியிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதே தமிழைத்தான் பேசுகிறார்கள் என்பது நினைவுக்கு வரவில்லை. தமிழ் பேசினால் தமிழ்நாடு என்று அதிகாரிகள் எழுதுவதைப் பார்த்து எத்தனை தடவை எரிச்சல்பட்டிருக்கிறேன்! அன்றைக்கு எழுதச் சொன்னவள் நான்தான். கடிதம் மதுரைக்குப் போனது. அங்கிருந்து, அப்படி யாரும் இல்லை என்று ஒழுங்காகப் பதில் வந்தது.

அதன்பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. முறைப்படி நடப்பதுதான் பயங்கரம். விளம்பரம் கொடுக்க வேண்டும் என்று விதி. மலையாளப் பத்திரிகையில் கனியின் போட்டோவோடு கொடுத்தோம். கவுன்சலிங் கொடுக்க வேண்டும் என்று விதி. ஒரு கவுன்சலர் பெண் கிரேயான் பெட்டியோடு வந்தாள். கனி ஒரு பஸ் வரைந்தாள். ஜன்னலில் ஒரு சின்னத் தலை. வெளியே ஒரு பொம்பளை நிற்கிறாள், அவள் முன்னால் கையை விரித்தபடி ஒரு பெரிய ஆள். கவுன்சலர் எழுதினாள்: தாயின் மரணத்தைக் குழந்தை ஏற்க மறுக்கிறது, தாய் நின்றுகொண்டிருப்பதாகக் கற்பனை செய்கிறது. ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டால் கனி கேட்டுக்கு ஓடுவாள். அதற்கும் குறிப்பு உண்டு: பஸ் பயம். பயந்த பிள்ளை பஸ்ஸைப் பார்த்து ஓடுமா, பஸ்ஸை விட்டு ஓடுமா என்று கேட்க எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

மாதங்கள் ஓடின. ஆதரவற்ற குழந்தை, தத்துக் கொடுக்கலாம் என்று உத்தரவு வந்தது. எர்ணாகுளத்திலிருந்து ஒரு தம்பதி பார்க்க வந்தார்கள். நல்ல மனிதர்கள், அவர்களை ஒன்றும் சொல்ல மாட்டேன். புதுப் பெயர்கூடப் பார்த்து வைத்திருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. நான் கனிக்கு இரண்டு கவுன் தைக்கக் கொடுத்திருந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் முற்றத்தில் கோடு போட்டுக் கிளித்தட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கோட்டைத் தாண்ட வந்த ஒரு பெரிய பிள்ளையின் முன்னால் கனி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குதித்தாள்.

“மறிச்சிட்டேன்! மறிச்சிட்டேன்!”

கையிலிருந்த துணியை அப்படியே போட்டேன். அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

“கண்ணு, உங்கம்மாவ மறிச்சிட்டாகன்னு சொன்னியே, எப்படி மறிச்சாங்க?”

அவள் எழுந்து நின்று கையை விரித்துக் காட்டினாள். “பெரியப்பா இப்பிடி மறிச்சாக. அம்மா என்னைய ஜன்னல் வழியா உள்ள போட்டுச்சு, சீட்டுப் பிடிக்க. நான் சீட்டுப் பிடிச்சேன். அம்மாவ ஏற விடல. பஸ்ஸு போயிருச்சு.”

“அம்மா என்ன வேலை பாக்குது?”

“கொழுந்து எடுக்கப் போகும்.”

கொழுந்து. தேயிலை. ஏழு மாதத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. செத்துப்போனவள் என்ன வேலை பார்த்தாள் என்று யாருக்கு என்ன அக்கறை?

செக்ரட்டரி சாருக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை இல்லாமல் அவர் ஹோமுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அதே பிளாஸ்டிக் நாற்காலி. நான் சொல்லி முடிக்கும்வரை கோப்பை அழுத்திக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க டீச்சர், ஏழு மாசமா காதுல என்னத்த வெச்சு அடச்சிருந்தீங்க? அவிய திங்கக்கெழம வண்டி புடிச்சு வர்றாங்க. இப்ப வந்து ஒரு எழுத்துத் தப்புங்கறீங்க.”

“தப்புதானுங்க.”

“எழுதிக் குடுங்க.”

எழுதினேன். மலையாளத்தில் ஒரு பக்கம். குழந்தை சொன்னது ‘மரிச்சு’ அல்ல, ‘மறிச்சு’ என்று விளக்கி. வியாழக்கிழமை கமிட்டி ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த கிளார்க் படித்துப் பார்த்தான். அவன் மொழியில் ‘மறிச்சு’ என்றால் கவிழ்த்துப் போட்டது. அம்மா எப்படிக் கவிழ்வாள்? என்மேல் இரக்கப்பட்டு, சிவப்புப் பேனாவை எடுத்து, என் றகரங்களையெல்லாம் ரகரமாகத் திருத்தித் தந்தான். “டீச்சரே, ஸ்பெல்லிங் ஸ்ரத்திக்கணம்” என்று புத்திமதி வேறு. எழுத்தில் கவனம் வேண்டுமாம். எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

தாளை நம்பி இனிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. மறுநாள் கனியையே கூட்டிக்கொண்டு போய் தலைவி மேடத்தின் முன்னால் நிறுத்தினேன். “உங்கம்மாவ எப்படி மறிச்சாங்கன்னு இந்த மேடத்துக்குக் காட்டு கண்ணு” என்றேன். கனி சுற்றும் முற்றும் பார்த்தாள். நேராக வாசலுக்குப் போய், நிலைப்படியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்துக் கிளார்க் ஒரு கட்டுக் கோப்போடு உள்ளே வர வந்தான். இடது பக்கம் நகர்ந்தான், அவளும் நகர்ந்தாள். வலது பக்கம் நகர்ந்தான், விடவில்லை. “மாறு மோளே” என்று வழிவிடச் சொல்லிக் கெஞ்சினான். மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். தமிழும் வேண்டாம், மலையாளமும் வேண்டாம், பார்த்தாலே புரிந்தது.

“தைவமே” என்றார். பிறகு, தத்து ஏற்பாட்டைப் பத்து நாள் நிறுத்தி வைக்க உத்தரவு எழுதினார். பத்து நாளுக்குள் தாயைக் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பழைய உத்தரவே நிற்கும்.

வெளியே ஜீப் நின்றது. செக்ரட்டரி சார் உள்ளே வரவில்லை, ஆனால் வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பிள்ளை உடுமலைப் பெண்களோடு வந்தது. மூணாறு மலையிலிருந்து பஸ் இறங்கும் இடமும் உடுமலைதான். அங்கேதான் கேட்க வேண்டும் என்றேன். “ஏறுங்க” என்றார். கனியை ஹோமில் இறக்கிவிட்டுக் கிளம்பினோம்.

முதலமடையிலிருந்து உடுமலை ஒன்றரை மணி நேரம். நடுவில் மாநில எல்லை. மாங்காய் லாரி நாள் முழுக்க அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும், எங்கள் கோப்பு ஏழு மாதத்தில் ஒரு தடவை தாண்டவில்லை. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறை வாசலில் போய், கனியின் போட்டோவைக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, இந்தக் கொழந்த உங்க கைல எப்படிங்க? ஞாயித்துக்கெழம ஆனா ஒரு அம்மா மலைலிருந்து வருமுங்க. இதே புள்ள போட்டோ. வர்ற பஸ்ஸு பூராம் ஏறி எறங்கிக் கேக்கும். கடேசி பஸ்ஸுக்குத் திரும்பிப் போயிரும். போலீஸ்லயும் எழுதிக் குடுத்திருக்குது.”

எஸ்டேட்டில் ஞாயிறுதான் லீவு. ஏழு மாதத்தில் எத்தனை ஞாயிறு என்று எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் கொடுத்த போலீஸ் புகார் எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழில் இருந்தது. எங்கள் கோப்பு இந்தப் பக்கம் மலையாளத்தில் இருந்தது. நாங்கள் மதுரைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம்.

செக்ரட்டரி சார் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தார். சுவரில், பஸ் நேரங்களுக்கு நடுவே, கரியால் ‘கனி’ என்று எழுதி அதன் கீழ் ஒரு போன் நம்பர் இருந்தது.

“செவுத்துல எழுதியிருக்குதுங்க டீச்சர்” என்றார். குரல் அவர் குரலாகவே இல்லை. அவரேதான் நம்பரை அழுத்திப் போனை என் கையில் கொடுத்தார்.

மறுநாளே வந்துவிட்டாள். பெயர் ராசாத்தி. மெலிந்த பெண், விரல் நுனியெல்லாம் தேயிலைக் கறை. கணவன் செத்ததும் பிள்ளையோடு தாய்வீட்டுக்குப் போய்விட நினைத்திருக்கிறாள். எஸ்டேட் லயத்தின் வரிசை வீடுகளில் அவர்கள் இருந்த வீடு அவள் வேலைக்காகக் கொடுத்தது. அவள் வேலையை விட்டுப் போனால் அந்த வீட்டில் ஒண்டியிருந்த கணவனின் அண்ணன் குடும்பமும் காலி செய்ய வேண்டும். அதற்காகத்தான் அவன் பஸ்ஸுக்கு முன்னால் வந்து மறித்திருக்கிறான். அடுத்த பஸ்ஸைப் பிடித்து அவள் உடுமலை வந்து சேர்ந்தபோது கனி முதலமடைக்கு ஏறிவிட்டாள்.

கேட்டில் நின்ற கனி அம்மாவைப் பார்த்ததும் ஓடவில்லை. “நான் சீட்டுப் பிடிச்சு வச்சிருந்தேன், நீ வரல” என்று அங்கேயே நின்று அழுதாள். ராசாத்திதான் ஓடினாள். சமையல்கார அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நானும் அழுதேன். எனக்கு அழ உரிமை உண்டா என்று யோசித்துக்கொண்டே அழுதேன்.

பிள்ளையை உடனே கொடுத்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். கோப்பில் செத்துப்போனவளிடம் எப்படிக் கொடுப்பது? தான் உயிரோடு இருப்பதாக அவள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு இரண்டு சாட்சி வேண்டும், விசாரணை வேண்டும் என்றார்கள். இப்போது நானும் பென்ஷனுக்காக வருஷா வருஷம் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்கிறேன். கொடுக்கும்போதெல்லாம் அவள் ஞாபகம்தான் வருகிறது.

கையெழுத்துப் போட அவள் என் மேஜை முன்னால் உட்கார்ந்தாள். மடியில் கனி. தாள் மலையாளத்தில் இருந்தது.

“இதுல என்னக்கா எழுதியிருக்கு?”

படித்துச் சொன்னேன். முதல் நாள் எழுதியதிலிருந்து, எதையும் மறைக்காமல். ‘தாய் பஸ்ஸின் முன்னால் இறந்தாள்’ என்ற இடத்தில் அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பிள்ளையின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“நான் செத்துட்டேன்னு எம்புள்ளயாக்கா சொல்லுச்சு?”

“இல்லம்மா. அவ சரியாத்தான் சொன்னா. நீ செத்துட்டேன்னு கமிட்டில சொன்னது நான்.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் நெற்றித் திருநீற்றையும், சேலைக் கட்டையும், முகத்தையும் ஒருமுறை பார்த்தாள்.

“நீங்க தமிழ் ஆளுதானக்கா?”

“அதெ” என்றேன்.